மருமகளுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து

25,550 டாலர். 2024-இல் நான் என் கணவரோடு சேர்ந்து வாழ அமெரிக்கா போக வேண்டுமென்றால், அவருக்கு வருடத்துக்கு இவ்வளவாவது வருமானம் இருக்க வேண்டும் என்றது அந்த நாட்டுச் சட்டம். வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை சிரித்துவிட்டார். "அமெரிக்க மாப்பிள்ளைக்கு இதுகூடவா இருக்காது?" இருக்கவில்லை. மாப்பிள்ளை டெக்சாஸில் பிறந்து வளர்ந்த குடிமகன்தான், ஆனால் பிஎச்டி மாணவர். இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, பல்கலைக்கழகத்திடம் வாங்கியது வருடத்துக்கு 22,000. கல்விக் கட்டணத்தையும் அவர்களே தள்ளுபடி செய்திருந்தார்கள். அதன் மதிப்பு இதைவிடப் பெரிய தொகை. ஆனால் கைக்கு வராத பணத்தை யார் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள்?

இந்தக் கணக்கெல்லாம் வந்து விழும் இடம் ஐ-864 என்ற படிவம். 'அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட்' என்பார்கள். கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டு கேட்பவர், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன், அரசாங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது. அப்படி எழுதிக்கொடுப்பவர்தான் 'ஸ்பான்சர்'. கல்யாணம் உண்மையானது என்று காட்ட நாங்கள் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல் என்று ஒரு மூட்டையே சேர்த்து வைத்திருந்தோம். அதைப் பற்றி யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசவைத்தது இந்தப் பணப் படிவம்தான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அமெரிக்கச் சுகாதார, மனித சேவைகள் துறை ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் வறுமைக்கோட்டுத் தொகையை வெளியிடுகிறது. 2024-இல் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது 20,440 டாலர். ஸ்பான்சர் காட்ட வேண்டியது அதில் 125 சதவீதம், அதாவது 25,550. ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவிக்கோ கணவருக்கோ கேட்டால் 100 சதவீதம் போதும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தொகை கூடுதல். 2025-இல் இருவருக்கான எண் 26,437 ஆனது. வருடா வருடம் ஏறும் என்பதால், யாராவது பழைய எண்ணைச் சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஐ-864பி என்ற ஒரு பக்க அட்டவணையில் அந்த வருடத்து எண் இருக்கும்.

குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி பார்ப்பதற்கு எளிது. படிவத்தில், நீங்கள் ஸ்பான்சர் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். உங்களுக்கு 1. அப்புறம், திருமணமானவர் என்றால் துணைக்கு 1 என்று இன்னொரு கட்டம். மனைவியை ஸ்பான்சர் செய்கிறவர் முதல் கட்டத்திலும் மனைவியை எழுதி, மூன்றாவது கட்டத்திலும் மனைவியை எழுதிவிடுவார். இருவர் குடும்பம் மூவர் ஆகிவிடும்; தேவைப்படும் வருமானம் 25,550-இலிருந்து 32,275-க்குத் தாவிவிடும். ஒருவரை இரண்டு முறை எண்ணக் கூடாது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததை யார் படிக்கிறார்கள்?

வருமானம் என்பது இப்போதைய ஆண்டு வருமானம். போன வருடம் மாணவராக இருந்தவர் இந்த வருடம் நல்ல வேலையில் சேர்ந்திருந்தால், முதலாளியின் கடிதமும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் வைத்து அதைக் காட்டலாம். கூடவே கடைசி வருட வருமான வரிக் கணக்கு கட்டாயம். அதை வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து 'டிரான்ஸ்கிரிப்ட்' ஆக இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடக் கணக்கைக் காட்டுவது அவரவர் விருப்பம். வருமானம் சீராக இருந்தால் காட்டுவது நல்லது.

சம்பளக்காரர்களுக்கு இது ஒரே மாலையில் முடிகிற வேலை. சொந்தத் தொழில் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மளிகைக் கடை நடத்தும் ஒருவரை எனக்குத் தெரியும். வீடு சொந்த வீடு, வண்டி இரண்டு, கையில் காசு புரளும். வரிக் கணக்கிலோ கடை வாடகை, வேன், செல்போன், தேய்மானம் என்று எல்லாவற்றையும் கழித்து, லாபம் என்று ஒரு குருவித் தீனி அளவுக்குத்தான் காட்டியிருந்தார். அவருடைய ஆடிட்டர் அதைச் சாதனையாகவே சொல்வாராம். ஐ-864 பார்ப்பது கல்லாப் பெட்டியை அல்ல, வரிக் கணக்கான 1040 படிவத்தில் மொத்த வருமானம் என்று நிற்கும் அந்த ஒரு வரியை. வருடா வருடம் வரியில் மிச்சம் பிடித்தவர், மனைவியைக் கூப்பிடும்போது ஏழையாக நின்றார். இதில் ஒரு வேடிக்கை, வருமானக் கணக்கில் படிவம் கடனைப் பற்றிக் கேட்பதே இல்லை. தலைக்கு மேல் கல்விக் கடன் வைத்திருக்கும் டாக்டர் சம்பளச் சீட்டைக் காட்டி எளிதாகத் தாண்டிவிடுவார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அவர் காட்ட முடிந்தது 22,000. எனக்குச் சென்னையில் நல்ல சம்பளம், கிட்டத்தட்ட அவருடைய உதவித்தொகை அளவுக்கே. அதைச் சேர்த்தால் என்ன என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். சேர்க்க முடியாது. குடியேறி வருபவரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால், கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்திலிருந்து அந்தச் சம்பளம் தொடர வேண்டும். நான் விமானம் ஏறும் அன்றே என் சம்பளம் நின்றுவிடும். ஏற்கெனவே அமெரிக்காவில் கணவரோடு ஒரே வீட்டில் இருந்து, முறையான அனுமதியோடு வேலை பார்த்தபடியே விண்ணப்பிக்கும் பெண்களுக்கு இந்த வழி உண்டு. போன பிறகு வேலை கிடைத்துவிடும், ஆஃபர் லெட்டர்கூட வந்துவிட்டது என்பதெல்லாம் வருமானக் கணக்கில் ஏறாது.

பற்றாக்குறை 3,550 டாலர். இதை அடைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சொத்து. இன்னொன்று 'ஜாயின்ட் ஸ்பான்சர்', அதாவது வேறொருவர் வந்து கையெழுத்துப் போடுவது.

சொத்துக் கணக்கில் ஒரு பெருக்கல் உண்டு. குடிமகன் தன் மனைவிக்குக் கேட்டால் பற்றாக்குறையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்ட வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்குக் கேட்டால் ஐந்து மடங்கு. குடிமகனின் மனைவி மூன்று வருடத்திலும் மற்றவர்கள் ஐந்து வருடத்திலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை ஒட்டிய கணக்கு இது. எங்களுக்கு 3,550 பெருக்கல் 3, ஆக 10,650 டாலர். அன்றைய ரேட்டில் ஒன்பது லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதே இடத்தில் கிரீன் கார்டு மாப்பிள்ளையாக இருந்திருந்தால் 17,750 டாலர் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தச் சொத்து என் பெயரில் இருந்தாலும் செல்லும் என்று படிவத்தின் குறிப்பில் படித்தபோது, அந்தப் பத்தியை மறுபடியும் ஒரு தடவை படித்தேன். குடியேறுகிறவரின் சொத்தும் கணக்கில் சேரும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அம்மாவின் பிடுங்கலால், நான் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு வந்தது 11 லட்சத்தைத் தொட்டிருந்தது.

அப்பா ஒரு படி மேலே போனார். "என் மனையும் இருக்கே, அதையும் காட்டு" என்றார். அது செல்லாது. ஸ்பான்சர், அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து தனியாகக் கையெழுத்திடும் குடும்பத்தார், குடியேறும் நபர், இவர்களுடைய சொத்துதான் எடுபடும். மனை என் பெயரிலேயே இருந்திருந்தாலும் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், மதிப்பீட்டாளர் அறிக்கை, தமிழில் இருப்பதற்கெல்லாம் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்று போகும். ஒரு வருடத்துக்குள் பெரிய கஷ்டமில்லாமல் விற்றுக் காசாக்க முடிகிற சொத்தாகவும் இருக்க வேண்டும். பிரிக்கப்படாத பூர்வீக நிலத்தை ஒரு வருடத்தில் விற்றுவிடுவோம் என்று நம் ஊர்க்காரர் யாராவது சத்தியம் செய்வாரா? நகையும் அப்படித்தான். கழுத்தில் போட்டுக்கொண்டு விசா நேர்காணலுக்குப் போய், இதை விற்கத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. வங்கிப் பணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதால், எடுத்துப் போக முடியுமா என்ற கேள்வியும் எழாது.

மதுரையில் எங்கள் வங்கிக் கிளைக்குக் கடிதம் வாங்கப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். "விசாவுக்குத்தானேம்மா, இதோ" என்று கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு பேலன்ஸ் சர்ட்டிபிகேட்டில் என் பெயரை மாற்றி, சீல் குத்தி நீட்டினார். இன்றைய தேதியில் இருப்பு இவ்வளவு, அவ்வளவுதான் அதில் இருந்தது. எனக்கு வேண்டியது அது இல்லை. கணக்கு எப்போது தொடங்கியது, கடந்த 12 மாதத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இப்போது எவ்வளவு இருக்கிறது, இத்தனையும் வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதெல்லாம் எந்தப் பார்மட்டும்மா?" என்றார். நான் கையோடு எழுதிக்கொண்டு போயிருந்த வாசகத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "ஆக, நேத்துப் போட்ட காசு இல்லைன்னு சொல்லணும், அவ்வளவுதானே?" படிவத்தின் குறிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாமாவிடம் பத்து லட்சம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, நேர்காணல் முடிந்ததும் திருப்பிவிடலாம் என்பவர்களுக்காகத்தான் அந்தப் பன்னிரண்டு மாதக் கேள்வி.

காகிதக் கணக்குப்படி இது போதும். ஆனால் நேர்காணல் அதிகாரிக்கு மொத்த நிலைமையையும் பார்த்து முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. வயது, உடல்நிலை, படிப்பு எல்லாமே அதில் வரும். அரசுக்குச் சுமையாகிவிடக்கூடியவரை உள்ளே விடாதே என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கும் விஷயம். காலத்துக்கேற்ப இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். 2020-இல் அமெரிக்காவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தவர்களிடம் ஐ-944 என்று தனியாக ஒரு படிவம் கேட்டு, அதில் கிரெடிட் ஸ்கோர் வரைக்கும் துருவினார்கள். 2021 மார்ச்சில் அது நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு ஜாயின்ட் ஸ்பான்சரையும் தயாராக வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமியார். அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார்.

பெரியப்பா என் கணவரின் பெரியப்பா. டல்லாஸில் இருக்கிறார், குடிமகன், ஓய்வுபெறும் வயது. ஜாயின்ட் ஸ்பான்சர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர், 18 வயது நிரம்பியவர், அமெரிக்காவில் வசிப்பவர், இது போதும். ஆனால் இரண்டு பேர் வருமானத்தைக் கூட்டி 25,550-ஐத் தொட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஜாயின்ட் ஸ்பான்சர் தன் குடும்பத்து ஆட்களையும் குடியேறுபவரையும் சேர்த்து எண்ணி, அதற்கான முழுத் தொகையைத் தன் வருமானத்திலேயே தனியாகக் காட்ட வேண்டும். கூட்டல் கணக்கு ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாருக்குத்தான். அதற்கு ஐ-864ஏ என்று வேறு படிவம்.

வீடியோ காலில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுல நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடறேன்?"

"சும்மா ஃபார்மாலிட்டி பெரியப்பா" என்றார் என் கணவர்.

"ஃபார்மாலிட்டிக்கு எதுக்குடா இத்தனை பக்கம்?"

அவர் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர். அவருடைய அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காசாகக் கேள், கையிலிருந்தால் தருகிறேன், கையெழுத்து மட்டும் கேட்காதே என்று வளர்க்கப்பட்ட தலைமுறை. அவர் குறிப்பு முழுவதையும் அச்செடுத்துப் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ தப்பா நினைக்காதேம்மா. நீங்க ரெண்டு பேரும் நாளைக்குப் பிரிஞ்சுட்டா என்ன ஆகும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் அவருக்கும் தெரிந்தே இருந்தது. பிரிந்தாலும் கையெழுத்து நிற்கும்.

1997 டிசம்பருக்கு முன்னால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய ஆதரவுப் பத்திரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாலும் பெரிதாகப் பயன் இருந்ததில்லை. 1996-இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியபோது, இதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாற்றினார்கள். அதுதான் ஐ-864. இது முடிவுக்கு வரும் முக்கியமான வழிகள் எண்ணி எடுத்தவை. குடியேறியவர் குடியுரிமை பெறுவது; அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு, சுமார் பத்து வருடம், சேர்வது; கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போவது; இருவரில் ஒருவர் இறப்பது. விவாகரத்து இந்தப் பட்டியலில் இல்லை.

இல்லாதது மறதியால் அல்ல. பிரிந்த மனைவி, எனக்கு வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்கு வருமானம் இல்லை, குறைகிறதைக் கொடு என்று முன்னாள் கணவர் மீது வழக்குப் போடலாம். 2012-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த அப்படியொரு வழக்கில், அந்தப் பெண் வேலை தேடவே இல்லையே என்று கணவர் தரப்பு வாதாடியது. வேலை தேடியாக வேண்டும் என்ற நிபந்தனை இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட், கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தாலும் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. குடியேறியவர் மெடிகெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, உணவு உதவி போன்றவற்றை வாங்கியிருந்தால், கொடுத்த அரசுத் துறையும் ஸ்பான்சரிடம் கேட்க வழி இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி மதிய உணவோ அவசர சிகிச்சையோ அந்தக் கணக்கில் வராது.

பெரியப்பா பயந்த அதே விஷயம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நம் பெண்கள் எத்தனை பேர் இந்தப் பத்திரத்தில் தங்களுக்கு ஒரு பங்கு இருப்பது தெரியாமலே விமானம் ஏறுகிறார்கள்? சண்டை வந்தால், "நான் ஒரு லெட்டர் போட்டா உன் கிரீன் கார்டு போயிடும், ஸ்பான்சர்ஷிப்பை வாபஸ் வாங்கிடுவேன்" என்று மிரட்டும் கணவன்மார் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விண்ணப்பம் முடிவாகும் முன் ஸ்பான்சர் பின்வாங்கலாம், அது உண்மை. கிரீன் கார்டோடு அவள் நாட்டுக்குள் வந்துவிட்ட பிறகு இந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்க வழி கிடையாது. கொடுமை செய்யும் குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ கல்யாணம் செய்துகொண்டு, கார்டு வருவதற்கு முன்பே மாட்டிக்கொண்ட பெண்ணுக்கும் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 'வாவா' என்ற சட்டப்படித் தானே விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அதில் ஐ-864 கேட்கவே மாட்டார்கள். கல்யாணச் செலவைப் பற்றி மாதக்கணக்கில் பேசும் வீடுகளில் இதை ஒரு மாலை உட்கார்ந்து பேசலாம்.

பெரியப்பா கடைசியில் கையெழுத்துப் போட்டார். "உன்னை நம்பித்தாம்மா, அவனை நம்பி இல்லை" என்று என்னிடம் சொன்னார். அது எங்கள் வீட்டு நகைச்சுவையாக இன்னமும் ஓடுகிறது. படிவத்தையும் வரிக் கணக்கையும் எனக்கு அனுப்பிவைத்தார். நான் அதைப் பதிவேற்றவில்லை. 120 டாலர் கட்டணம் கட்டி, விசா ஆவணங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்கு இணையத்தில் அனுப்பியது என் கணவரின் ஐ-864-ஐயும் என் வங்கிக் கடிதத்தையும்தான். பெரியப்பாவுடையது, கேட்டால் கொடுக்க, தனி உறையில் என்னோடு நேர்காணலுக்கு மும்பைக்கு வந்தது. நேர்காணல் அதிகாரி வங்கிக் கடிதத்தைத் திரையில் பார்த்தார், இந்தப் பணம் யாருடையது என்று கேட்டார், என்னுடையது, சம்பளத்தில் சேர்த்தது என்றேன். பிஎச்டி எப்போது முடியும் என்று கேட்டார். அவ்வளவுதான். கொடுக்காத படிவம் யாரையும் கட்டுப்படுத்தாது. பெரியப்பாவிடம் சொன்னபோது, போனில் ஒரு பெருமூச்சு நன்றாகவே கேட்டது.

எங்களைவிடச் சிக்கலான வழக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையிலும் பெங்களூரிலும் இது இப்போது சகஜம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு ஊர் திரும்பி, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே கல்யாணம் செய்து, குடும்பத்தோடு திரும்பிப் போக நினைப்பவர்கள். என் தோழியின் கணவர் அப்படி. மாதச் சம்பளம் லட்சங்களில், ஆனால் அது இந்தியச் சம்பளம். போனால் நின்றுவிடும், ஆகவே கணக்கில் வராது. அதோடு ஸ்பான்சர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும், அல்லது மனைவி நுழையும் நாளுக்குள் அங்கே குடியேறப் போகிறவர் என்று நிரூபிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தது, வீடு பார்த்தது, பிள்ளைக்குப் பள்ளி விசாரித்தது, வங்கிக் கணக்கு, இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் காட்டினார்கள். ஜாயின்ட் ஸ்பான்சர் பணக் குறையைத்தான் தீர்ப்பார், இந்தக் குறையை அவரால் தீர்க்க முடியாது. வெளிநாட்டில் இருந்தாலும் குடிமகன் அமெரிக்க வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டுப்போன வருடங்களை உட்கார்ந்து தாக்கல் செய்தபிறகுதான் ஐ-864 நகர்ந்தது.

போன பிறகு செய்ய வேண்டியவை சில. ஸ்பான்சர் வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. அவருக்கு வேறு மாநிலத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்து நாங்கள் வீடு மாறியபோது, பால்காரருக்குச் சொல்கிற மாதிரி இதையும் நான்தான் நினைவுபடுத்தி அனுப்பவைத்தேன்.

குடியேறுகிறவர் பெண்ணோ ஆணோ, கையெழுத்தான ஐ-864-இன் பிரதி ஒன்றை உங்கள் சொந்த ஈமெயிலில், கணவருக்கோ மனைவிக்கோ பாஸ்வேர்டு தெரியாத ஈமெயிலில், வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னாளில் நீதிமன்றம் போனால், அப்படி ஒரு கையெழுத்து இருந்தது என்று காட்டவே அரசாங்கத்திடம் தகவல் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பதிவேற்றும் அன்றே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்வது ஒரு நிமிட வேலை.